தெள்ளும் தரையும்

தமிழில் 'தெள்ளு' என்னும் சொல் வினையாக வரும்போது முறத்திலிட்டுப் புடைத்துத் தூய்மை செய்தலைக் குறிக்கும். பெயராக வரும்போது அது நாய், பூனை, எலி ஆகியவற்றின் மயிருக்கிடையே ஓடி, விரல் நெருங்குமுன் தாவி மறையும் இரத்தமுண்ணும் சிறு பூச்சியைக் குறிக்கும். இவ்விரண்டுக்கும் வேர் ஒன்றுதானா என்ற ஆராய்ச்சியை மொழியறிஞர்களுக்கு விட்டுவிடுவோம். நம் பேச்சு வழக்கில் பூச்சியின் பெயரே மங்கி வருகிறது. நாயின் காதோரத்தில் பயறுபோல் ஒட்டிக்கொண்டு நகராதிருக்கும் உண்ணியையும், தாவியோடும் தெள்ளையும் நாம் இன்று ஒரே பெயரால் 'உண்ணி' என்றே அழைக்கிறோம். பெயர் குழம்பினால் மருந்தும் குழம்பும் என்பதால் இதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறோம். இக்கட்டுரை உண்ணியைப் பற்றியதன்று.

திருப்பூர் ராயபுரம் போன்றதொரு பகுதியில் தெள்ளுக்கு வாழ வசதி மிகுதி. பனியன் தொழிலின் ஒரு பகுதி எப்போதும் வீட்டுக்குள் நடப்பது. பிசிறு வெட்டவும் மடிக்கவும் வரும் துணிக்கட்டுகள், மூலையில் கட்டிவைத்த வேஸ்ட் மூட்டைகள், கட்டிலுக்கடியில் சேரும் பஞ்சுத் தூசி, அந்த மூட்டையின்மேல் மதியம் முழுதும் உறங்கும் பூனை, வாசலில் படுத்திருக்கும் தெருநாய் என்று எல்லாம் கைகோத்து நிற்கும் இடம் அது. கணுக்காலில் வரிசையாகச் சிவந்த தடிப்புகள் தோன்றியவுடன் நாம் செய்வது என்ன? நாயைப் பிடித்துப் பவுடர் போடுகிறோம். இரண்டு நாள் நிம்மதி. பத்தாம் நாள் பழைய கதை. மீண்டும் பவுடர், இம்முறை சற்று அதிகமாக. கடையில் கேட்டால் இன்னும் காரமானது ஒன்றை எடுத்துத் தருகிறார்கள்.

பழுது மருந்தில் மட்டுமில்லை, மருந்து போடும் இடத்தில் இருக்கிறது. தெள்ளு நாயின்மேல் உண்கிறது. அதன் குடும்பம் வளர்வது தரையில். ஒரு பெண் தெள்ளு நாளொன்றுக்கு 40 முட்டைகள் வரை இடக்கூடியது. அம்முட்டைகள் பேனின் ஈரைப்போல மயிரில் ஒட்டிக்கொள்வதில்லை. வழவழப்பானவை, நாய் உடலை உதறும்போதும் படுத்தெழும்போதும் உப்புத்தூள்போலக் கொட்டிவிடுகின்றன. அவற்றிலிருந்து வரும் புழுக்கள் ஒளியை வெறுத்து, விரிசலிலும் விரிப்பின் அடியிலும் புகுந்து, தாய்த்தெள்ளுகள் கழித்து உதிர்த்த காய்ந்த இரத்தத் துகள்களைத் தின்று வளர்கின்றன. பிறகு தம்மைச் சுற்றிக் கூடு கட்டிக்கொள்கின்றன. கூட்டின்மேல் தூசியும் மண்ணும் ஒட்டிக்கொள்வதால் அது கண்ணுக்குத் தெரிவதில்லை. ஒரு வீட்டிலுள்ள தெள்ளுக் கூட்டத்தில், நாயின் உடலில் நாம் காணும் முதிர்ந்த பூச்சிகள் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் தேறாது என்பது பூச்சியியலார் வழக்கமாகக் கூறும் கணக்கு. மீதி 95 பங்கு நம் காலடியில் இருக்கிறது.

இந்த எளிய உண்மையை, அதாவது நோயையும் பூச்சியையும் எங்கே தேடவேண்டும் என்பதை, நம் நாடு ஒருமுறை மிகப் பெரிய விலை கொடுத்துக் கற்றது. அந்த வரலாற்றில் கொங்கு நாட்டுக்கும் பங்குண்டு.

*

1896இல் பம்பாயில் பிளேக் புகுந்தது. நோய்க்கிருமியை 1894இலேயே ஹாங்காங்கில் அலெக்சாந்தர் யெர்சின் கண்டறிந்திருந்தார். ஆனால் அது எலியிலிருந்து மனிதனுக்கு எப்படி வருகிறது என்பது விளங்கவில்லை. விளங்காத நிலையில் அரசாங்கம் தனக்குத் தெரிந்ததைச் செய்தது. வீடுகளுக்குள் ஆட்களை அனுப்பி, கார்பாலிக் அமிலத்தையும் பாதரசக் கரைசலையும் குழாய்வழிப் பீய்ச்சியடித்தது, கூரையைப் பிரித்தது, உடைமைகளைக் கொளுத்தியது. 1897ஆம் ஆண்டின் தொற்றுநோய்ச் சட்டம் இதற்கெல்லாம் அதிகாரம் தந்தது. புனேயில் வீட்டுச்சோதனைகள் மக்களை எவ்வளவு கொதிக்கவைத்தன என்பதும், அவ்வாண்டு ஜூன் 22ஆம் நாள் பிளேக் அதிகாரி ராண்ட் சாபேகர் சகோதரர்களால் சுடப்பட்டதும் பள்ளிப் பாடத்தில் வருபவை. பாடத்தில் வராத ஒன்றுண்டு. அவ்வளவு இரசாயனமும் பெரும்பாலும் வீண். நீர் பாய்ந்த வீட்டிலிருந்து எலிகள் அடுத்த வீட்டுக்கு ஓடின. அவற்றின்மேலிருந்த தெள்ளுகளும் உடன் சென்றன. நுண்ணுயிரைக் கொல்லும் கரைசலைப் பூச்சி வாழும் தரையில் ஊற்றி நோயை அடுத்த தெருவுக்கு அனுப்பிவைத்தார்கள் என்று சொன்னால் அது மிகையாகாது.

யெர்சினுக்குப் பின் பம்பாய்க்கு வந்தவர் பால் லூயி சிமோன் என்னும் பிரெஞ்சு இராணுவ மருத்துவர். நோயாளிகள் சிலரின் உடலில் சிறு கொப்புளங்களைக் கண்டு, அவை பூச்சிக்கடியின் தடங்களோ என ஐயுற்றார். 1898 ஜூன் 2ஆம் நாள் கராச்சியில் ரெய்னால்ட்ஸ் ஹோட்டலில், ஒரு கண்ணாடிப் புட்டிக்குள் பிளேக் கண்ட எலியையும் சற்றுத் தள்ளிக் கம்பிவலைக் கூண்டில் நல்ல எலியையும் வைத்தார். எலிகள் ஒன்றையொன்று தொட இயலாது, தெள்ளு தாவலாம். நல்ல எலியும் பிளேக்கால் இறந்தது. இந்தச் சோதனையில் நாம் மிகவும் விரும்பும் ஒரு சிறு செய்தி உண்டு. நோயுற்ற எலியின்மேல் தெள்ளுகள் போதாவோ என்று கருதிய சிமோன், ஹோட்டலில் திரிந்த பூனையொன்றின் உடலிலிருந்து சில தெள்ளுகளைக் கடன்வாங்கிச் சேர்த்துக்கொண்டார். மருத்துவ வரலாற்றின் பெரிய கண்டுபிடிப்புகளுள் ஒன்றில் பெயரில்லாத ஒரு வளர்ப்புப் பூனைக்கும் இடமிருக்கிறது.

உலகம் அவரை நம்பவில்லை. அதே காலத்தில் அமைக்கப்பட்ட இந்திய பிளேக் கமிஷன், பூச்சிக்கு இதில் கருதத்தக்க பங்கில்லை என்று தள்ளியது. ஏழாண்டுகள் கழித்து, 1905இல், பம்பாயில் முறையான ஆய்வு தொடங்கியபோதுதான் காட்சி மாறிற்று. அதில் முன்னின்ற கிளென் லிஸ்டன், கினிப்பன்றிகளைப் பிளேக் வீடுகளுக்குள் உலவவிட்டுத் தெள்ளு பிடிக்கும் பொறியாகப் பயன்படுத்தினார். எலிகள் செத்தொழிந்த வீட்டில் பசியோடு காத்திருந்த தெள்ளுகள் அவற்றின்மேல் ஏறின. இன்னொரு சோதனையில் கினிப்பன்றிக் கூண்டுகளைத் தரையிலிருந்து வெவ்வேறு உயரங்களில் தொங்கவிட்டார்கள். இரண்டங்குல உயரத்திலிருந்தவை நோயுற்றன. இரண்டடி உயரத்திலிருந்தவை தப்பின. எலித்தெள்ளால் அவ்வளவு உயரம் தாவ முடியவில்லை. நோய் காற்றிலும் இல்லை, சுவரிலும் இல்லை. தரைக்கு மேலே சில அங்குலங்களுக்குள் இருந்தது.

இந்த எலித்தெள்ளுக்குச் 'செனோப்சில்லா கியோப்பிஸ்' என்று பெயர். 1903இல் இதற்குப் பெயரிட்டவர் சார்லஸ் ராத்ஸ்சைல்ட் என்னும் வங்கிக் குடும்பத்துச் செல்வர். பகலில் வங்கி, மற்ற நேரத்தில் தெள்ளு. பெரிய பிரமிடைக் கட்டிய எகிப்திய மன்னனின் பெயரை இதற்கு வைத்தார். அவரே பின்னர் 'ஆஸ்டியா' என்னும் மற்றொரு வகையையும் விவரித்தார். இரண்டையும் வெறுங்கண்ணால் வேறுபடுத்த இயலாது. ஆனால் அந்த வேறுபாடு தமிழர் வாழும் நிலங்களில் பல உயிர்களைத் தீர்மானித்தது. கொழும்பு நகர நுண்ணுயிரியலாளராக இருந்த ஃபேபியன் ஹர்ஸ்ட், அந்நகரில் பெரும்பான்மை ஆஸ்டியாவே என்றும், அது பிளேக்கைப் பரப்புவதில் வலுக்குறைந்தது என்றும் எடுத்துக்காட்டினார். 1914இல் கொழும்புக்குள் பிளேக் வந்தது. ஆனால் ஊரெங்கும் காட்டுத்தீயாகப் பரவவில்லை. சென்னை நகரமும் பெருங்கொள்ளைகளிலிருந்து தப்பியதற்கு இதுவே முக்கியக் காரணம் என்று கருதப்பட்டது. கடலோரத்தின் வெப்பமும் ஈரமும் ஆஸ்டியாவுக்கு உகந்தவை. மேற்கே ஏறிச் சற்றுக் குளிர்ந்த மேட்டுநிலத்துக்கு வந்தால் கியோப்பிஸின் ஆட்சி.

அந்த மேட்டுநிலத்தில்தான் கோவை இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் முதல் முப்பது ஆண்டுகளில் கோவை வட்டாரத்தில் பிளேக்கால் இறந்தவர் ஏறக்குறைய 20,000 பேர் என்று நகர வரலாறுகள் குறிக்கின்றன. கோவையில் இன்றும் 'பிளேக் மாரியம்மன்' என்னும் பெயரில் கோயில்கள் உள்ளன. ஓர் ஆங்கிலச் சொல் அம்மனின் பெயரோடு ஒட்டிக்கொண்டு நூறாண்டைக் கடந்தும் நிற்கிறதென்றால், அந்த அச்சம் எவ்வளவு ஆழமாக இறங்கியிருக்கவேண்டும்! திருப்பூர் அன்று கோயமுத்தூர் மாவட்டத்தின் ஒரு பகுதி. தனி மாவட்டமானது 2009இல்தான். இரயில் பாதையும் பஞ்சு வணிகமும் இருந்த ஊர். தானியமும் பஞ்சும் சாக்கும் போகுமிடமெல்லாம் எலியும் எலித்தெள்ளும் உடன் போகும் என்பதை அக்காலத்து ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்லின. இன்று வேஸ்ட் மூட்டையின்மேல் பூனை உறங்கும் காட்சியை நாம் வெறும் காட்சியாகப் பார்க்க இயலாமற்போவது இதனால்தான்.

*

பிளேக் காலத்தில் மக்கள் என்ன செய்தார்கள்? ஊரை விட்டு வெளியேறினார்கள். எலி செத்து விழுந்தால் வீட்டைப் பூட்டிவிட்டுத் தோட்டத்துச் சாளைக்கோ வெளியில் போட்ட கீற்றுக் கொட்டகைக்கோ போய்விடுவது வழக்கமாயிற்று. அரசாங்கமும் பிற்பாடு இதையே சிறந்த தடுப்பென ஏற்றுப் பரிந்துரைத்தது. காரணம் தெரிந்து செய்த செயலன்று இது. வீட்டில் 'அம்மன் இறங்கியிருக்கிறாள்' என்றே பலரும் எண்ணினர். ஆயினும் பம்பாயின் பாதரசக் கரைசல் செய்யாததை அது செய்தது. மனிதனைப் பசித்த தரையிலிருந்து பிரித்தது.

'நம் முன்னோர் எல்லாம் அறிந்திருந்தார்கள்' என்று இந்த இடத்தில் எழுதிவிடுவது எளிது. நம் காலத்தில் அப்படி எழுதுவோரும் பலர். நாம் அதற்கு உடன்படவில்லை. வெளியேறுவதற்கு வெளியே ஓர் இடம் வேண்டும். தோட்டமும் சாளையும் உள்ளவர் போனார்கள். பஞ்சுக் கிடங்கில் மூட்டை தூக்கியவருக்கும், சந்துக்குள் ஒற்றை அறையில் குடியிருந்தவருக்கும், அடுத்தவர் வீட்டுச் செத்த எலியை எடுத்தெறியப் பணிக்கப்பட்டவருக்கும் எந்தச் சாளை இருந்தது? பழைய முறையின் பயன் எல்லோருக்கும் ஒரே அளவில் கிட்டியதில்லை.

யாருக்கும் செலவில்லாத ஒன்று இருந்தது, அது வெயில். 1911இல் இந்திய அரசின் மருத்துவ, சுகாதாரத் துறைகளின் அறிவியல் வெளியீட்டு வரிசையில் நாற்பதாவதாக ஒரு சிறுநூல் வந்தது. எழுதியவர் கன்னிங்ஹாம் என்னும் மருத்துவ அதிகாரி. பொருள், வெயிலில் வைத்துத் தெள்ளுகளை அழித்தல். படுக்கையையும் துணிகளையும் நீக்கக் கந்தகப் புகையோ அமிலமோ வேண்டாம், வெயில் போதும் என்பது அதன் அடிப்படை. தெள்ளு மிக விரைவில் வறண்டுபோகும் உயிர். நண்பகலில் நம் ஊர்க் கட்டாந்தரை 50 பாகை செல்சியஸை நெருங்கும். அந்தச் சூட்டில் முதிர்ந்த பூச்சியே நெடுநேரம் தாங்காது, மெல்லிய தோலுள்ள புழு அதனினும் விரைவில் சாகும். பிளேக் கொள்ளைகள் கோடை முற்றும்போது தணிந்ததையும் ஆய்வாளர்கள் இத்துடன் சேர்த்தே நோக்கினர்.

பாயை உதறி வெயிலில் போடுவதும், மெத்தை தலையணையைக் கயிற்றுக் கட்டிலில் கிடத்தி மொட்டை மாடியில் காயவைப்பதும் நம் வீடுகளில் இன்றும் நடப்பவைதாம். அவற்றுக்குப் பின்னால் அரசாங்க முத்திரையிட்ட ஓர் ஆராய்ச்சி இருந்ததென்பது பலருக்குப் புதிய செய்தியாக இருக்கலாம். சாணமிட்டு மெழுகுவதையும் இதே நோக்கில் பார்க்கலாம். சாணம் பூச்சியைக் கொல்வதாக நாம் நம்பவில்லை. ஆனால் வாரந்தோறும் மெழுகப்பட்ட மண்தரையில் விரிசல்கள் அடைபட்டன. மெழுகுவதற்காகவே சாமான்கள் நகர்த்தப்பட்டன, மூலைகள் பெருக்கப்பட்டன. புழுவுக்குத் தேவையான இருட்டும் அமைதியும் வாரத்துக்கொருமுறை கலைந்தன. வேப்பிலையையும் நொச்சியையும் புகைத்ததைப் பற்றி இவ்வளவு உறுதியாகச் சொல்ல இயலாது. புகை கொசுவை விரட்டும். தரைவிரிசலில் கூட்டுக்குள் கிடக்கும் தெள்ளை அது எட்டாது.

*

பிறகு டி.டி.டி. வந்தது. 1939இல் அதன் பூச்சிக்கொல்லித் திறனைக் கண்டறிந்த பால் முல்லருக்கு 1948இல் நோபெல் பரிசு கிடைத்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் இந்தியாவில் எலிவளைகளிலும் வீட்டுத் தரைகளிலும் அந்த வெண்பொடி தூவப்பட்டது. மலேரியா ஒழிப்புக்காகச் சுவர்களிலெல்லாம் அடிக்கப்பட்டது. பிளேக் சரிந்தது. அதன் வீழ்ச்சிக்கு டி.டி.டி. மட்டுமே காரணமென்று சொல்லமுடியாது; ஆனால் அதன் பங்கை மறுப்பதும் நேர்மையாகாது. இரசாயனத்தை எதிர்க்கும் ஆர்வத்தில் சிலர் இந்தப் பக்கத்தை வேகமாகப் புரட்டிவிடுகிறார்கள். கொள்ளைநோய் நடமாடும் தெருவில் வேப்பிலைக் கொத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பதை நாம் யாருக்கும் பரிந்துரைக்கமாட்டோம்.

எனினும் அந்த வெற்றி ஒரு மறதியையும் கொண்டுவந்தது. தெள்ளு என்றால் பொடி என்றாகிவிட்டது. தரையைப் பற்றிய அறிவு, உயரத்தைப் பற்றிய அறிவு, வெயிலைப் பற்றிய அறிவு ஆகிய மூன்றும் பின்தள்ளப்பட்டன. தெள்ளோ மறக்கவில்லை. 1960இல் உலக சுகாதார நிறுவனத்தின் சஞ்சிகையில், இந்திய எலித்தெள்ளு டி.டி.டி.க்கு எதிர்ப்பாற்றல் பெற்றுவிட்டதை உறுதிசெய்யும் ஆய்வறிக்கை வெளிவந்தது. ரேச்சல் கார்சனின் 'மௌன வசந்தம்' வெளியானது அதற்கு ஈராண்டுகள் பின்னரே, 1962இல். பொடி பட்டுப் பிழைத்த சில தெள்ளுகளின் வாரிசுகளே அடுத்த தலைமுறையை நிரப்புகின்றன. நாய்க்குப் பவுடர் மேல் பவுடராகப் போட்டு, இன்னும் காரமானதைத் தேடிக் கடைக்குப் போகும் நாமும் சிறிய அளவில் அதே வரலாற்றைத்தான் வீட்டுக்குள் நடத்துகிறோம்.

இதற்கு மாற்றாக இன்று எங்கும் சொல்லப்படும் சொல் 'இயற்கை'. இச்சொல்லிடம் நாம் சற்று எச்சரிக்கையாக இருக்கவேண்டியிருக்கிறது. சாமந்தியின் உறவான பைரீத்ரம் என்னும் பூவிலிருந்து எடுக்கும் பூச்சிக்கொல்லி முழுக்க இயற்கையானது; ஒருகாலத்தில் நம் நீலகிரியிலும் அச்செடியைப் பயிரிட்டார்கள். அந்தப் பூவின் வேதிப்பொருளைப் போலச் செய்து உருவாக்கியதே பெர்மெத்ரின். நாய்க்கென விற்கும் பெர்மெத்ரின் மருந்தைப் பூனைக்குத் தடவினால் வலிப்பு கண்டு பூனை இறக்கலாம். பூனையின் கல்லீரலால் இத்தகைய பொருள்களை எளிதில் முறித்து வெளியேற்ற முடியாது. அதே காரணத்தால் தேயிலைமர எண்ணெய் முதலிய மணமிகு எண்ணெய்களும், கற்பூரமும் பூனைக்கு நஞ்சு. பூனை தன் உடலில் பூசியதையெல்லாம் நக்கும் விலங்கு என்பதையும் மறக்கலாகாது. தெள்ளு அண்டாதிருக்க நாயின் சோற்றில் பூண்டைக் கலக்கச் சொல்லும் குறிப்புகளும் உலவுகின்றன. பூண்டும் வெங்காயமும் நாய், பூனை இரண்டின் இரத்தச் சிவப்பணுக்களையும் சிதைக்கக்கூடியவை. தெள்ளு போகிறதோ இல்லையோ, நாய்க்குச் சோகை வரும்.

வேம்புக்கு வருவோம். 1962இல் தில்லியில் எஸ். பிரதான் வேப்பங்கொட்டைக் கரைசல் வெட்டுக்கிளிகளை உண்ணவிடாமல் தடுப்பதைக் காட்டினார். வேம்பிலுள்ள அசாடிராக்டின் பூச்சி தோலுரித்து வளர்வதைக் குலைக்கும். வேம்பின் பூஞ்சைத் தடுப்புப் பயனுக்கு அமெரிக்க அரசின் வேளாண்துறையும் ஒரு நிறுவனமும் பெற்றிருந்த ஐரோப்பியக் காப்புரிமை 2000இல் நீக்கப்பட்டு, 2005இல் அந்நீக்கம் உறுதியானதை வாசகர்கள் அறிவர். அந்த வழக்கில் நாம் பெருமைப்பட்டது சரியே. ஆனால் பெருமை வேறு, அளவு வேறு. வளர்ச்சியைத் தடுக்கும் பொருள் புழுவின்மேல் வேலை செய்யும். நாயின் முதுகில் ஏற்கெனவே தாவிக்கொண்டிருக்கும் முதிர்ந்த தெள்ளை அது உடனே வீழ்த்தாது. கலப்பில்லாத வேப்பெண்ணெயைப் பூனைக்குத் தடவுவதும் தீங்கு. கடைகளில் கிடைக்கும் டயாட்டம் மண் தெள்ளின் மேற்தோலிலுள்ள மெழுகைச் சிதைத்து அதை வறளச் செய்யும் என்பது உண்மை. ஆனால் அது நுண்தூசி. ஏற்கெனவே பஞ்சுத்தூசியை மூச்சில் வாங்கும் நெசவு, பின்னலாடைத் தொழிலாளர் வீட்டில் இன்னொரு தூசியைத் தூவிவைப்பது நமக்கு உவப்பாக இல்லை.

*

அப்படியானால் மிஞ்சுவது என்ன? மிஞ்சுவது பெரும்பாலும் உழைப்பு.

பேன்சீப்பு முதற்கருவி. பல் நெருக்கமான சீப்பால் கழுத்து, வால் அடி, தொடை இடுக்கு ஆகிய இடங்களில் நாள்தோறும் வாரி, ஒவ்வொரு வாரலுக்கும் சோப்பு கரைத்த நீரில் சீப்பை முக்கவேண்டும். வெறும் நீரில் தெள்ளு மிதந்து தப்பிவிடும். சோப்பு நீரின் மேற்பரப்பைத் தளர்த்துவதால் மூழ்கும். சீப்பில் வரும் கருந்துகளை ஈரமான வெள்ளைத் துணியில் வைத்தால் செம்பழுப்பாகக் கசியும். அது அழுக்கன்று, செரித்துக் கழிந்த இரத்தம். தெள்ளு கண்ணில் படாவிட்டாலும் இது அதன் கையொப்பம். வெள்ளைப் பனியன் துணித்துண்டு ராயபுரத்தில் கிடைக்காமல் போகாது.

நாயை வீட்டிலிருந்து துரத்திவிடுவது சிலரின் தீர்வு. லிஸ்டனின் கினிப்பன்றிகளை நினைத்துக்கொண்டால் இது ஏன் தவறென்று விளங்கும். எலி செத்த வீட்டில் தெள்ளு மனிதனைத் தேடியது. நாய் போன வீட்டிலும் அது அதைத்தான் செய்யும். நாய் இருந்தால் தரையில் பொரிந்தெழுவதெல்லாம் அதன்மேல் ஏறும். நாள்தோறும் சீப்பால் வாரி எடுக்கலாம். நம் நாய்களிலும் பூனைகளிலும் காணப்படுவது பிளேக் பரப்பிய எலித்தெள்ளு அன்று. உலகெங்கும் பரவிய பூனைத்தெள்ளு, அல்லது இந்திய நாய்களிலும் ஆடுகளிலும் மிகுதியாக உள்ள அதன் உறவான ஓரியென்டிஸ். இவை எலித்தெள்ளைவிட உயரமாகத் தாவும். ஆதலால் குழந்தையைக் கயிற்றுக் கட்டிலில் கிடத்தினால் மட்டும் போதாது. இவை பிளேக்கைப் பரப்புவதில் தேர்ந்தவையல்ல என்பது ஆறுதல். எனினும் தெள்ளை விழுங்கும் நாய்க்கும், தவறி விழுங்கும் குழந்தைக்கும் நாடாப்புழு வரும்.

தரைக்கு வேலை அதிகம். நாய் படுக்கும் சாக்கையும் துணியையும் வாரம் ஒருமுறை கொதிநீரில் ஊறவைத்து அலசி, நண்பகல் வெயிலில் மாடித்தரையில் விரிக்கவேண்டும். கொடியில் நிழலில் தொங்கவிட்டால் பாதிப் பயன்தான். பழைய மண்தரையோடு ஒப்பிட்டால் இன்றைய டைல்ஸ் தரை நமக்குச் சாதகமானது, விரிசல் குறைவு. ஆனால் டைல்ஸின் இணைப்புக் கோடுகளும், மிதியடியின் அடியும், சோபாவின் மடிப்பும், கட்டிலடியும் இன்றைய விரிசல்கள். உறிஞ்சுபொறி இருந்தால் நன்று. அதன் பையை உடனே கட்டி வெளியேற்றவேண்டும், இல்லையேல் அதுவே வளர்ப்பகமாகும். அது இல்லாத வீட்டில் துடைப்பமும் ஈரத்துணியும் போதும், அன்றாடம் செய்தால். வேஸ்ட் மூட்டைகளை வாய்கட்டிப் பலகைமேல் உயர்த்தி வைப்பதும், பூனையை அவற்றின்மேல் ஏறவிடாதிருப்பதும் மற்றெல்லாவற்றையும்விடப் பயன் தரும். குடியிருக்கும் அறையிலேயே துணிக்கட்டைப் போட்டுப் பிசிறு வெட்டவேண்டியிருக்கும் குடும்பத்திடம் இதைச் சொல்வது எளிதன்று என்பதையும் அறிந்தே சொல்கிறோம். இடமில்லாதவருக்குச் சாளை இல்லாத அதே கதைதான் இது.

இரவில் ஓர் அகன்ற தட்டில் சோப்பு நீர் ஊற்றி, நடுவே சிறுவிளக்கு வைத்தால் ஒளிநாடும் தெள்ளுகள் சில அதில் விழும். கூட்டத்தை ஒழிக்க இது போதாது. ஆனால் எந்த அறையில் எத்தனை என்று எண்ணிப் பார்க்க இதைவிட மலிவான கருவி இல்லை. ஒரு வாரம் குறித்துவைத்தால், உழைப்பு வீணாகிறதா இல்லையா என்பது எண்ணிக்கையிலேயே தெரிந்துவிடும்.

எல்லாம் செய்தும் ஈறு வெளுத்துச் சோர்ந்து கிடக்கும் பூனைக்குட்டியோ நாய்க்குட்டியோ இருந்தால், கொள்கையை ஒதுக்கிவைத்துவிட்டுக் கால்நடை மருத்துவரிடம் போகவேண்டும். தெள்ளுகள் மிகுந்தால் ஒரு சிறு குட்டியின் இரத்தத்தையே வற்றச்செய்யும். எடை பார்த்து மருத்துவர் தரும் ஒரு மாத்திரை, நாம் அளவு தெரியாமல் வீடெங்கும் தூவும் பொடியைவிட எவ்வளவோ மென்மையானது.

இவ்வளவு செய்தபின்னும் இரண்டு மூன்று வாரங்களில் திடீரெனப் புதிய தெள்ளுகள் தோன்றும். அது தோல்வியன்று. முட்டையையும் புழுவையும் நீக்கிவிட்டோம். கூடுகள் மட்டும் எஞ்சியிருக்கின்றன. கூட்டுக்குள் முதிர்ந்துவிட்ட தெள்ளு வெளிவர அவசரப்படுவதில்லை. காலடி அதிர்வும், உடற்சூடும், மூச்சுக்காற்றும் தன்னை எட்டும்வரை அது மாதக்கணக்கில் பொறுத்திருக்கும். எட்டினால் சில நொடிகளில் வெளிவரும். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் திருப்பூர் ஏறக்குறைய வெறுமையாகிவிடுகிறது. கம்பெனிகள் சாத்தப்பட்டு, மதுரைக்கும் தேனிக்கும் திருநெல்வேலிக்கும் பேருந்துகள் நிறைந்து போகின்றன. நாயை அக்கம்பக்கத்தில் விட்டுவிட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு எல்லோரும் போய்விடும் அந்தப் பத்து நாட்களில் கூடுகள் ஒவ்வொன்றாக முதிர்ந்து காத்திருக்கும். திரும்பிவந்து கதவைத் திறந்து முதலடி வைக்கும்போது அத்தனையும் ஒன்றாக எழும். ஆகவே ஊரிலிருந்து வந்ததும் பையை இறக்கி, பாயை விரித்துக் குழந்தையைக் கிடத்துவதற்கு முன், ஒருவர் மட்டும் காலுறையோடு உள்ளே போய், அறையறையாக நடந்து, தரையை நன்றாக அதிரப் பெருக்கி, ஈரத்துணியால் துடைத்து, அந்தக் குப்பையைக் கட்டி வெளியே வெயிலில் வைத்துவிட்டு வரட்டும்.